குறைச்சாரா, குறைஞ்சுதா?

பெல்ட்டில் ஓட்டை போடுவது ஒரு கலை. கத்திரிக்கோல் முனையால் குடைந்தால் கிழிந்துவிடும். ஆணியை இடுக்கியில் பிடித்து, காஸ் அடுப்பில் சிவக்கச் சுட்டு, ஒரே அழுத்து. 'சொய்ங்' என்று ஒரு சத்தம், கருகின தோல் நாற்றம், பின்னாலேயே அத்தையின் குரல்: "சமையக்கட்டா, செருப்புக் கடையாடா இது?"

2022-ல் என் தாய்மாமாவின் பெல்ட்டுக்கு நான் இப்படி நாலு ஓட்டை போட்டேன். பொங்கலுக்கு ஒன்று, பங்குனி உத்திரத்துக்கு ஒன்று, கத்திரி வெயிலில் ஒன்று, ஆடி பிறந்ததும் ஒன்று. ஓட்டைக்கு ஓட்டை ஓர் அங்குலம். ஆக, நாலு அங்குலத் தொப்பை அபேஸ்.

மாமாவின் தொப்பை சாமானியப்பட்டதல்ல. ஈஸிசேரில் சாய்ந்தால் அதன் மேல் காபி டம்ளரை வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். ஹெட்லைன் முதல் வரி விளம்பரம் வரை டம்ளர் ஆடாது. 58 வயசு வரைக்கும் கட்டிக் காத்த சொத்து. 2021 தீபாவளி முடிந்து ஒரு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை என்றார்கள். "எங்க வம்சத்துலயே கிடையாதே!" என்று மாமா ஆச்சரியப்பட்டார். அடுத்த நாளிலிருந்து வாக்கிங்.

வாக்கிங் என்றால் பார்க்கை ஒன்றரைச் சுற்று. பிறகு வாசல் கடையில் ரெண்டு மெதுவடை, சர்க்கரை கம்மியாக ஒரு காபி. கம்மி என்றால் மூணு ஸ்பூனுக்குப் பதில் ரெண்டு.

இதில் 84 கிலோ 73 ஆனது.

கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாமாவைச் சுற்றி நின்றார்கள். "எப்படி சார் பத்து வயசு குறைஞ்சுட்டீங்க?" "எல்லாம் மனக்கட்டுப்பாடுதான்" என்று சொல்லிவிட்டு மாமா பந்தியில் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டுவார். நானும் என் பங்குக்கு, "மாமா, உங்க டயட் சார்ட்டை எனக்கும் குடுங்க" என்று கேட்டேன்.

அத்தை மட்டும் ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று, "எப்பவும் போலத்தான்டா சாப்பிடறாரு. ஆனா கரையறாரே" என்றாள். நான், "வாக்கிங்தான் அத்தை" என்றேன். ஆணி சுட்டுக்கொண்டிருந்தேன்.

★

நான் பி.காம். ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன். அங்கே முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. ட்ரையல் பேலன்ஸில் ஆயிரத்து நூறு ரூபாய் கூட வந்தால், "ஆகா, லாபம்!" என்று குதிக்கக் கூடாது. அதைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரிகிற வரைக்கும் அது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. விசாரணைக் கைதி.

பதினோரு கிலோவை நான் நேராக லாபக் கணக்கில் எழுதிவிட்டேன்.

ஆவணியில் மாமாவின் கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. சொந்தக்காரர் ஒருவர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். மூணு வாரம் குடித்தும் கண் இன்னும் மஞ்சளானதுதான் மிச்சம். பிறகுதான் டாக்டர், ஸ்கேன்.

ஸ்கேனைப் பார்த்தபடியே டாக்டர் கேட்டார்: "வெயிட் ஏதாவது குறைஞ்சிருக்கா?"

நான் முந்திக்கொண்டேன். "பதினோரு கிலோ சார்! எட்டு மாசத்துல!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, இவரு குறைச்சாரா, குறைஞ்சுதா?"

மூன்றே எழுத்து வித்தியாசம். தமிழ் வாத்தியார் பன்னிரண்டு வருஷம் கத்தியும் எனக்கு ஏறாத தன்வினை பிறவினையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்தது. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்தாள்.

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. கான்சர்.

★

அதுவரை கணையம் என்பது எனக்குப் பத்தாம் வகுப்புப் படத்தில் அம்புக்குறி போட்டு இரண்டு மார்க் வாங்கித் தந்த ஒரு சமாசாரம். அன்று ராத்திரியிலிருந்து உட்கார்ந்து படித்தேன். கணக்குப்பிள்ளை புத்தி, பழைய லெட்ஜரிலிருந்து ஆரம்பித்தேன்.

வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்தில் படுத்திருக்கிறது. எடை சுமார் நூறு கிராம். ஆனால் இரண்டு டிபார்ட்மெண்ட். ஒன்று, சாப்பாட்டைக் கரைக்கிற நீரைத் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் தயாரித்து, குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிற ஃபாக்டரி. இன்னொன்று, இன்சுலின் சுரந்து ரத்தத்தில் சர்க்கரை வரவு செலவைப் பார்க்கிற கஜானா. மொத்த இடத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் கஜானாவுக்கு. எந்த ஆபீஸிலும் காஷியர் ரூம் சின்னதாகத்தானே இருக்கும்!

அந்தக் குழாயை 1642-ல் இத்தாலியின் பதுவா நகரத்தில் கண்டுபிடித்தவர் விர்சுங் என்ற ஜெர்மானியர். தூக்கிலிடப்பட்ட ஒரு கொலைகாரனின் உடலை அறுத்துப் பார்த்தபோது தென்பட்டது. அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. படத்தைத் தாமிரத் தகட்டில் செதுக்கி, பிரதி எடுத்து, பெரிய பெரிய நிபுணர்களுக்கெல்லாம் அனுப்பி, "இது என்ன?" என்று கேட்டார். அடுத்த வருஷமே அவரை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கஜானாவைக் கண்டவர் லாங்கர்ஹான்ஸ். 1869-ல், மாணவராக இருந்தபோது. கணையத்துக்குள் திட்டுத் திட்டாகச் செல்கள் இருப்பதைக் கண்டு எழுதிவிட்டு, இவை எதற்கு என்று தெரியவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மிங்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தது. சர்க்கரைக்கும் கணையத்துக்கும் உள்ள சம்பந்தம் அன்றுதான் ருசுவானது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 1921-ல் டொரண்டோவில் இன்சுலினைப் பிடித்தார்கள்.

கணையம் கெட்டால் சர்க்கரை வரும் என்பது இப்படி நூறு வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். சர்க்கரை புதிதாக வந்தால் கணையம் கெட்டிருக்குமோ என்று திருப்பிக் கேட்பதுதான் பாக்கி. அதைக் கேட்டவர்களில் ஒருவருடைய சுவடு நம்ம மெட்ராஸில் இருக்கிறது.

★

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு விசித்திரமான கணைய நோய் உண்டு. குடிக்காதவர்களுக்கும் வரும். இளம் வயதிலேயே வயிற்று வலி, எக்ஸ்ரே எடுத்தால் கணையக் குழாய்க்குள் கல் கல்லாகத் தெரியும், பின்னாலேயே சர்க்கரை. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதை விடாமல் ஆராய்ந்து புத்தகமே போட்டார். முதலில் பழி விழுந்தது மரவள்ளிக் கிழங்கு மேல். பிறகு கிழங்கு மட்டும் காரணமில்லை, பிறவி ஜீனுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது.

மெட்ராஸ் டாக்டர்களான எம்.விஸ்வநாதன், வி.மோகன், மதனகோபாலன் ஆகியோருடன் சேர்ந்து சுரேஷ் சாரி என்ற டாக்டர், இந்த நோய் வந்த 185 பேரைச் சராசரியாக நாலரை வருஷம் தொடர்ந்து கவனித்தார். 1994-ல் முடிவு வெளியானது. இறந்தவர்கள் 24 பேர். அதில் 6 பேருக்குக் காரணம் கணையக் கான்சர். மற்றவர்களைவிட இவர்களுக்கு அந்த ஆபத்து நூறு மடங்கு.

அதே சாரி பிற்பாடு அமெரிக்காவின் மின்னஸோட்டாவில், மேயோ கிளினிக்கில் இருந்துகொண்டு இன்னொரு கணக்குப் பார்த்தார். 50 வயசுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்த 2,122 பேர். மூன்று வருஷத்துக்குள் அவர்களில் எத்தனை பேருக்குக் கணையக் கான்சர் தெரிந்தது? 18 பேருக்கு. 2005-ல் வந்த கணக்கு இது.

தயவுசெய்து இந்த இடத்தில் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீர்கள். 18 பேர் என்றால் மீதி 2,104 பேருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். சர்க்கரை வந்தவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கு அது வெறும் சர்க்கரை. அதற்கே திட்டு வாங்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அந்த ஒருவரை எப்படிப் பொறுக்கி எடுப்பது? 2018-ல் சாரியின் குழு ஒரு மார்க் ஷீட் போட்டது. மூன்றே கேள்வி. சர்க்கரை வந்தபோது வயது என்ன? கடந்த ஒரு வருஷத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறியது? அதே ஒரு வருஷத்தில் எடை என்ன ஆனது?

மூன்றாவது கேள்வியில்தான் சூட்சுமம். சாதாரணமாகச் சர்க்கரை வருகிறவர்களுக்கு அதற்கு முன்னால் எடை ஏறும். இங்கே சர்க்கரை ஏறுகிறது, எடை இறங்குகிறது. வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் டாலி ஆகவில்லை. மார்க் மூன்றும் அதற்கு மேலும் வாங்கினவர்களில் நூற்றுக்கு மூன்று நாலு பேருக்கு மூன்று வருஷத்துக்குள் கான்சர் தெரிந்தது. அதாவது அதிக மார்க் வாங்கினாலும் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் விசாரிக்கலாம் என்று டாக்டருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

58 வயசு, வம்சத்தில் இல்லாத சர்க்கரை, பதினோரு கிலோ. என் மாமா இந்தப் பரீட்சையில் ஸ்டேட் ஃபர்ஸ்ட். பேப்பர் திருத்தத்தான் ஆள் இல்லை.

★

நோய் பிடிபடுவதற்கு 30 முதல் 36 மாதம் முன்பே சர்க்கரை மெள்ள ஏற ஆரம்பித்துவிடுகிறது என்று பின்னால் கண்டார்கள். 2010-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் கட்டிகளின் ஜீன்களை வைத்துக் காலக் கணக்குப் போட்டார்கள். முதல் செல் தடம் புரண்டதிலிருந்து அது முழுக் கான்சர் செல்லாக மாறவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பரவக் கற்றுக்கொள்ள இன்னும் ஐந்து வருஷமாவது பிடிக்கிறது. அதாவது அவகாசம் இருக்கிறது. நோட்டீஸ்தான் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு நோட்டீஸையும் நாம் வாழ்த்து மடல் என்று நினைத்து ஃபிரேம் போட்டு மாட்டிவிடுகிறோம்.

தெரியவரும்போது ஆபரேஷன் செய்கிற நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மாமா அந்த ஐந்தில் ஒருவர். காரணம், மஞ்சள் காமாலை. கட்டி தலைப்பகுதியில் இருந்ததால் பக்கத்துப் பித்தக் குழாயை நெரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. வால் பக்கம் இருந்திருந்தால் அந்தப் புகார் கூட வந்திருக்காது.

ஆபரேஷனுக்குப் பெயர் விப்பிள். நியூயார்க் சர்ஜன் ஆலன் விப்பிள் 1935-ல் எழுதிவைத்த வழி. கணையத்தின் தலை, சிறுகுடலின் முதல் வளைவு, பித்தப்பை, பித்தக் குழாயில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை ப்ளம்பர் மாதிரி மறுபடி இணைக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஆபரேஷனிலேயே நாலில் ஒருவர் போய்விடுவார். நிறையச் செய்து பழகின ஆஸ்பத்திரிகளில் இன்று அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

மாமா பிழைத்து எழுந்தார். எழுந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மாப்ளே, தொப்பைக்குள்ள தேடினாங்களே, அந்த ரெண்டாவது ஜாங்கிரி கிடைச்சுதா?"

ஃபாக்டரி பாதி மூடப்பட்டதால் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. கூட்டு, பொரியல், மாத்திரை. அது பன்றியின் கணையத்திலிருந்து செய்வது என்று நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாகச் சொல்லிவிட்டேன். அன்று புரட்டாசி சனிக்கிழமை. முட்டை கூடத் தொடாதவர். மாத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பெருமாள் வராக அவதாரம் எடுத்தது இதுக்குத்தான்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுங்கினார்.

பிறகு ஆறு மாசம் கீமோ. 2023 பொங்கலுக்கு அவரே சர்க்கரைப் பொங்கல் கிளறினார். 2024 ஐப்பசியில் அது ஈரலில் திரும்பி வந்தது. கார்த்திகையில் போய்விட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷம் இரண்டு மாசம்.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது தம்பி. ஆனா ஒரு சான்ஸ் கூடக் கிடைச்சிருக்கும்" என்றார்.

★

உலகம் சும்மா இல்லை. ரால்ஃப் ஸ்டைன்மேன் என்று ஒரு விஞ்ஞானி. உடம்பின் காவல் படையில் டெண்ட்ரிடிக் செல் என்று ஒரு வகையைக் கண்டவர். 2007-ல் அவருக்கே கணையக் கான்சர். தன் கண்டுபிடிப்பைத் தன் மேலேயே பரீட்சித்துக்கொண்டு நாலரை வருஷம் ஓட்டினார். 2011-ல் நோபல் பரிசு அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இறந்தவருக்குக் கொடுப்பதில்லை என்பது விதி. தெரியாமல் அறிவித்துவிட்டதால் பரிசு அவருக்கே என்று விட்டுவிட்டார்கள்.

காவல் படையை உசுப்புகிற அதே யோசனையில் நியூயார்க்கில் வினோத் பாலச்சந்திரன் என்ற சர்ஜனின் குழு, வெட்டி எடுத்த கட்டியின் ஜீனைப் படித்து, ஆளுக்கு ஒரு தடுப்பூசியைத் தைத்துக் கொடுத்துப் பார்த்தது. கொரோனா ஊசியில் வந்த அதே எம்.ஆர்.என்.ஏ. நுட்பம். 16 பேருக்குப் போட்டதில் 8 பேர் உடம்பு ஊசிக்குப் பதில் சொன்னது. மூன்று வருஷம் கழித்து, 2025-ல் வெளியான கணக்கு: பதில் சொன்ன 8 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியது. பதில் சொல்லாத 8 பேரில் 7 பேருக்குத் திரும்பியது. 16 என்பது சின்ன எண். ஒரு பஸ்ஸில் பாதி சீட். அதனால்தான் 2023-லேயே பெரிய பரிசோதனையை ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் இந்த ஊசிக்கும் கட்டியை முதலில் வெட்டி எடுத்தாக வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்: சீக்கிரம் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் இந்த நோய் வந்தவர்களில் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் 1970-களின் நடுவில் நூற்றுக்கு 3 பேர். 2024-ல் வந்த கணக்கில் 13. மெதுவாகத்தான். ஆனால் ஏறுகிறது.

வாலிப வாசகர்களுக்கு ஒரு வரி. இதில் நம் கையில் இருப்பது சிகரெட். பிடிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. மற்றபடி உபதேசம் முடிந்தது.

★

போன மாசம் வருமான வரி ரிட்டர்ன் விஷயமாகப் பழைய ஆடிட்டர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். சீனியர் அக்கவுண்டன்ட் எதிரே வந்தார். அடையாளமே தெரியவில்லை. சட்டை, ஹாங்கரில் தொங்குகிற மாதிரி தோளில் தொங்கியது. "சார் செம ஸ்லிம்!" என்று ஆபீஸே கொண்டாடிக்கொண்டிருந்தது. ட்ரீட் வேறு கேட்டிருந்தார்கள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன். "சார், குறைச்சீங்களா, குறைஞ்சுதா?"

மனுஷர் முகம் சுண்டிப்போனது. "ஏன்பா, நாங்கல்லாம் குறைக்க மாட்டோமா?" என்று விருட்டென்று போய்விட்டார். பசங்கள் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவன் மாதிரி இருந்தது. காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி போன். தணிந்த குரல். "தம்பி... நான் ஒண்ணுமே பண்ணலைப்பா. தானாத்தான் குறையுது. வீட்ல சொல்லலை."

மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். ரிப்போர்ட் வருகிற வரைக்கும் ரெண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. பற்றிப் பேசினோம். அவ்வளவு பயம்!

தைராய்டு. வேண்டியதைவிட அதிகமாகச் சுரக்கிறதாம். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.

நேற்று பேசினார். ஒன்றரை கிலோ ஏறிவிட்டதாம். "உன்னால என் ஸ்லிம் பேரே போச்சுய்யா" என்று திட்டினார். இதை லாபக் கணக்கில் எழுதலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

மாமாவின் பெல்ட் என்னிடம்தான் இருக்கிறது. அத்தை கொடுத்தாள். எனக்கும் தொப்பை விழுந்துவிட்டதால், நான் சுட்ட நாலு ஓட்டையில் ஒன்று கூட எனக்கு ஆகவில்லை. கடைக்காரன் போட்ட பழைய ஓட்டையில்தான் மாட்டுகிறேன்.